ஒப்பாரியைப் பதிய போன் போதும் என்கிறேன்

வரப்போரம்:
போன வாரம் நாடாச்சுருள் அண்ணன் இங்கே எழுதியிருந்தார்: "போனில் பதிந்ததை வீட்டில் நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆவணம் என்று சொல்லக் கூடாது." எனக்கு அது ஒப்பவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் நான்கு ஊர்களில் இரண்டு வருடமாக ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு என்று பதிந்து வருகிறேன். கையில் இருப்பது போன் மட்டும்தான். எழுபது பாட்டுக்கு மேல் சேர்ந்திருக்கிறது. சில பாட்டுகள் சமுதாய வானொலியில் ஒலிபரப்பாயின. எதில் பதிந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரெக்கார்டர் வாங்கப் பணம் சேரட்டும் என்று நான் காத்திருந்தால், பாடியவர்களில் மூன்று பேர் பாடாமலே போயிருப்பார்கள்.

அமெரிக்காவில் 1933-ல் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் நாட்டுப்பாடல் பதியப் போனபோது காரின் பின்பக்கம் ஏற்றிப்போன கருவி 315 பவுண்டு எடை. நம் கணக்கில் 143 கிலோ. அதோடு ஒப்பிட்டால் நம் சட்டைப் பையில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி!

நாடாச்சுருள்:
தம்பி, நீங்கள் செய்யும் வேலையை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. ஆனால் லோமாக்ஸ் கதை என் பக்கம்தான் பேசுகிறது. அன்றைக்குக் கிடைத்ததில் நல்லது எதுவோ அதை 143 கிலோ என்றாலும் தூக்கிப் போனார்கள். இருப்பது போதும் என்று உட்காரவில்லை.

என் குறை போனின் மைக்கைப் பற்றியது மட்டும் இல்லை. போன் பேச்சுக்காகச் செய்த கருவி. அதில் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடும், இரைச்சலை அடக்கும் ஏற்பாடும் உண்டு. ஒப்பாரி எப்படித் தொடங்கும்? முனகலாக. அப்புறம் "என்னப் பெத்த ராசா" என்று ஒரே எடுப்பில் மேலே போகும். கீழே இருக்கும்போது போன் ஒலியைத் தூக்கும், மேலே போனதும் அமுக்கும். அந்த ஏற்ற இறக்கம்தானே பாட்டு? அதைத் தட்டையாக்கிவிட்டால் மிச்சம் சொற்கள் மட்டும்தான்.

இரைச்சலை அடக்கும் ஏற்பாடு இன்னும் மோசம். மாறாமல் நீளும் ஒலியை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துக்கொள்கிறது. சுருதிப் பெட்டி பக்கத்தில் ஒலிக்க ஒருவர் பாடியதை போனில் பதிந்து என்னிடம் கொண்டுவந்தார்கள். பாட்டின் இடைவெளிகளில் சுருதியே இல்லை. வரி முடிந்ததும் வரும் விம்மலுக்கும் இதே கதிதான்.

வரப்போரம்:
அண்ணே, நீங்கள் சொல்வது எல்லாமே அணைத்து வைக்கக்கூடிய விஷயம். ஆண்ட்ராய்டு 7 (2016) முதல், எதையும் திருத்தாமல் மைக்கில் விழுந்ததை அப்படியே வாங்கும் வழி இருக்கிறது. எல்லா போனும் அதைத் தருவதில்லை, ஆனால் தரும் போன் இருந்தால் அதைப் பயன்படுத்தும் பதிவுச் செயலியைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் அமைப்புக்குள் போய்ச் இழப்பில்லாத (லாஸ்லெஸ்) தரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நான் 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது), 24 பிட் (ஒவ்வோர் அளவின் நுணுக்கம்), ஒற்றைத் தடம், சுருக்காத வேவ் கோப்பு என்று வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு 520 எம்பி போல ஆகும். பழைய நாடாக்களை எண்ணிமமாக்க (டிஜிட்டலாக மாற்ற), ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தபட்சமாகக் கேட்பதே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்தான்.

மற்றபடி எல்லாம் தூரம். வாயிலிருந்து அறுபது சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கைப் பதினைந்துக்குக் கொண்டுவந்தால் குரல் 12 டெசிபல் கூடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் கருவி அதைச் செய்யாது. போனை மடித்த துண்டின் மேல் வைத்து, அடிப்பக்க ஓட்டையைப் பாடுபவர் பக்கம் திருப்புவேன். ஓட்டு வீட்டுத் திண்ணை கிடைத்தால் அங்கேதான் உட்காருவோம், டைல்ஸ் போட்ட கூடத்துக்குள் போகவே மாட்டோம்.

மேளக்கட்டு:
வரப்போரம், ஒப்பாரிக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். என் வேலை நாகஸ்வரம், தவில். கும்பகோணம் பக்கம் ஒரு புறப்பாட்டில் ஆறு அடி தள்ளி நின்று போனில் பதிந்தேன். தனி ஆவர்த்தனம் முழுக்கத் தகரத்தைத் தட்டுவது போல வந்திருந்தது. அளவுக்கு மேல் ஒலி வந்து அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டால் பிறகு எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. பறைக்கும் இதே கதை.

இப்போது 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் வந்திருக்கின்றன, மிகச் சின்ன ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒரே கோப்பில் வெட்டுப்படாமல் வைத்துக்கொள்ளும் வகை. 2019-ல் ஜூம் நிறுவனத்தின் எஃப்6 ரெக்கார்டர் வந்தது, இப்போது சின்னக் கருவிகளிலும் அது உண்டு. ஒலியளவு வைக்கத் தவறினாலும் வீட்டுக்கு வந்து அதைக் குறைத்துக்கொள்ளலாம். மைக்கே திணறும் அளவுக்குச் சத்தம் என்றால் அதுவும் காப்பாற்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தவில் பக்கம் போன் வேண்டவே வேண்டாம்.

செய்திக்காரி:
நான் கிராமப்புறச் செய்தியாளர். போன் கட்சிதான். பஞ்சு சுற்றிய பெரிய மைக்கை நீட்டினால் பாட்டிகள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு "நல்லா இருக்கேன் தாயி" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். போன் என்றால் பேரன் கையில் தினம் பார்ப்பது, பேச்சு தடைப்படாது. அதற்காக மறைத்து வைத்துப் பதியக் கூடாது. பதிகிறேன் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும், சாவு வீட்டில் என்றால் பதியவே கூடாது என்பது என் முடிவு.

காலர் மைக் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அதன் செருகு முள்ளில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால்தான் போனின் 3.5 மிமீ துளை அதை மைக் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு வளையம் இருப்பது கேமராவுக்கு ஆனது, நடுவில் மாற்றுச் செருகி வேண்டும். இது தெரியாமல் மாட்டினால் போன் நமக்குத் தெரியாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும். தொடங்கும் முன் காலர் மைக்கை நகத்தால் சுரண்டி, ஹெட்போனில் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன நானே ஒன்றைத் தொலைத்தேன். எண்பது தாண்டிய ஒரு அம்மா, தன் மகனுக்குப் பாடிய ஒப்பாரியை எனக்காக ஒருமுறை பாடினார். நடுவில் ஓர் அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை, ஆனால் பதிவு அங்கேயே நின்றுவிட்டது. திரையைக் கவிழ்த்து வைத்திருந்ததால் தெரியவில்லை. இன்னொரு முறை பாடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆடிக்கு அந்த அம்மா இல்லை. என்னிடம் இருப்பது பாதிப் பாட்டு.

நாடாச்சுருள்:
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை அம்மா. நான் தனிக் கருவி என்று பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். அதற்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

வரப்போரம்:
செய்திக்காரி அக்கா, இதைச் சொன்னதற்கு நன்றி. நான் விமானப் பயன்முறையில் போடுவேன், வைஃபையையும் அணைப்பேன், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் அழைப்பு வந்துவிடும். இனி இன்னொரு பழைய போனையும் பக்கத்தில் ஓடவிடப் போகிறேன்.

நேற்று நண்பரிடம் ஒரு ரெக்கார்டரை இரவல் வாங்கி, ஒரே பாட்டியிடம் ஒரே தாலாட்டைப் பதிந்து பார்த்தேன். ஒரு சாண் தூரத்து போன், ஐந்தடி தூரத்து ரெக்கார்டரைவிடத் தெளிவு. இரண்டையும் ஒரு சாணில் வைத்தபோது ரெக்கார்டர்தான் ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன். போனின் சாதாரணச் செயலியில் "ஆராரோ" இழுப்பின் வால் அறுந்தது. திருத்தாத வழியில் வால் முழுதாக வந்தது, கூடவே மெல்லிய இரைச்சலும் வந்தது.

நாடாச்சுருள்:
அந்த இரைச்சல் எனக்குப் பெரிய குறை இல்லை. வால் அறுவதுதான் குறை. இப்படிச் சோதித்துப் பார்த்து எழுதினால் நானும் என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்: தனிக்குரல், கிட்டத்தில், திருத்தாத வழியில், இரண்டாவது கருவியும் ஓடினால் அதை ஆவணம் என்று ஏற்கிறேன். மேளத்துக்கு மாட்டேன்.

மூன்று கோப்புகளையும் எனக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் என்றால் ஆவணமாக (டாக்குமென்ட்) இணைத்து அனுப்புங்கள், எம்பி3 ஆக மாற்றிவிடாதீர்கள். பாட்டியின் பெயர், ஊர், தேதி, யாருக்குப் பாடிய தாலாட்டு என்பதைத் தொடக்கத்தில் உங்கள் குரலில் சொல்லியிருக்கிறீர்களா?

வரப்போரம்:
பெயரும் ஊரும் சொன்னேன். யாருக்குப் பாடியது என்று கேட்கவில்லை அண்ணே. ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிறேன், கேட்டுப் பதிந்து அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.