டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றை இழுக்கிறது, வென்ட் வால்வு போய்விட்டதா?

நீள்சாலை:
ஏழு வருடப் பெட்ரோல் கார். ஒரு மாதமாக பங்கில் நாசிலை வைத்தால் டேங்க் பாதிகூட நிரம்பாமலே டக் டக்கென்று தானாக நின்றுவிடுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மூடியைத் திறந்தால் பெரிய சத்தம், எஞ்சின் விளக்கும் எரிகிறது. மெக்கானிக் வென்ட் வால்வை மாற்றச் சொல்கிறார். காற்று போய்வர ஒரு ஓட்டை போதாதா, வால்வு எதற்கு? மாற்றும் முன் புரிந்துகொள்ள ஆசை.

கரிடப்பா:
முன்பெல்லாம் மூடியில் வெறும் ஓட்டைதான். பெட்ரோல் ஆவி அப்படியே வெளியே போய்க் காற்றைக் கெடுத்தது. கலிபோர்னியா 1970 மாடல் வண்டிகளிலிருந்து அதைத் தடுக்கச் சொன்னது, அடுத்த வருடம் அமெரிக்கா முழுக்க வந்தது. அதற்காக வந்ததுதான் கரி நிரப்பிய கேனிஸ்டர். டேங்க்கிலிருந்து வரும் ஆவியைக் கரி பிடித்துக்கொள்ளும், காற்று மட்டும் வெளியேறும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும், பிடித்துவைத்த ஆவி எஞ்சினுக்குப் போய் எரிந்துவிடும்.

இந்த கேனிஸ்டர் வெளிக்காற்றை வாங்கும் வாசலில் இருப்பதுதான் உங்கள் வென்ட் வால்வு. கரண்ட் இல்லாதபோது திறந்தே இருக்கும், கசிவு இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் சோதிக்கும்போது மட்டும் மூடும். டேங்க்கில் லேசான வெற்றிடம் உண்டாக்கி அது நிலைக்கிறதா என்று பார்ப்பார்கள், 0.5 மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடப் பிடித்துவிடும் வண்டிகள் உண்டு.

அது மூடியபடியே சிக்கினால்தான் வம்பு. பெட்ரோல் ஊற்றும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் நாசில் நின்றுவிடும். ஓட்டும்போது இதற்கு நேர்மாறு. 40 லிட்டர் பெட்ரோல் செலவானால் அந்த இடத்துக்கு 40 லிட்டர் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால், உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, 50க்கு 40 செ.மீ. உள்ள ஒரு பக்கத்தின் மேல் வெளிக்காற்று ஏறக்குறைய 200 கிலோ பாரமாக அழுத்தும். பொதுவாக மூடியிலுள்ள சின்ன வால்வு அதற்கு முன்பே திறந்து காப்பாற்றிவிடும், ஆனால் அதையே நம்பி ஓட்டாதீர்கள்.

இருசக்கரம்:
பைக்கிலும் இதே கதைதான், மூடியின் காற்றுத்துளை அடைத்தால் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். அடைப்புக்குத் தூசிதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. 2011-ல் மஸ்தா நிறுவனம் அமெரிக்காவில் மஸ்தா 6 கார்களைத் திரும்ப அழைத்ததே, வென்ட் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியதால்தான். 2014-ல் மறுபடியும் அழைக்க வேண்டியதாயிற்று!

கரிடப்பா:
சரி, ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நாசில் முதல் தடவை நின்ற பிறகும் "ரவுண்டாக்குங்க" என்று சொல்லி ஊற்ற வைக்கும் பழக்கம் உண்டா? டேங்க்குக்குள் மிதவை வால்வு ஒன்று நிரம்பியதும் ஆவிக்குழாயை அடைக்கும், மேலே கொஞ்சம் காலி இடம் வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அதற்கு மேல் திணித்தால் பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குப் போகும். கரி நனைந்து உதிர்ந்தால் அந்தத் தூள் வந்து வென்ட் வால்வைச் சிக்க வைக்கும். அப்போது வால்வை மட்டும் மாற்றினால் புதிதும் அதே கதிதான். அதனால் முதலில், கேனிஸ்டரிலிருந்து வென்ட் வால்வுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு ஒரு தடவை பெட்ரோல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுங்காக நிரம்பினால் அடைப்பு வால்வில் அல்லது அதன் ஃபில்டரில். அப்போதும் நின்றால் கேனிஸ்டரையோ மேலுள்ள குழாயையோ பார்க்க வேண்டும்.

நீள்சாலை:
ரவுண்டாக்கும் பழக்கம் இருந்தது, நேற்றோடு விட்டேன். ஹோஸைக் கழற்றியதும் ஒரே மூச்சில் நிரம்பியது. வால்வைத் திறந்து பார்த்தால் உள்ளே நீங்கள் சொன்ன கரித்தூள்தான், அதனால் கேனிஸ்டரையும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிட்டேன். ரொம்ப நன்றி.