மூடிப்போன கிராமப் பள்ளிகள், கலைந்த கவுண்டி (மாவட்ட) கூடைப்பந்து லீக்: அமெரிக்காவின் இந்தியானாவில் உங்களுக்கு நேர்ந்தது

கொலம்பஸ்வாசி:
இந்தியானாவின் சிற்றூரான மிலனின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 161 பிள்ளைகள் படித்த பள்ளி, 1954 மாநிலக் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று சாய்த்தது, கடைசி நொடிகளில் பாபி பிளம்ப் போட்ட கூடை. நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில், வரிசையில் நின்ற பெரியவரிடம் "நீங்களும் மிலன் பள்ளியா?" என்று கேட்டேன். கையிலிருந்த ஆணிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "ஹோல்டன்" என்றார். அப்புறம் சுற்றுவட்டார ஊர்ப் பள்ளிகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "வெர்சேல்ஸ், கிராஸ் பிளெய்ன்ஸ், நியூ மரியன், ஆஸ்குட், நெப்போலியன், சன்மன். நாங்களும்தான் ஆடினோம். உங்களுக்கெல்லாம் மிலன் ஒன்றுதான்." பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். இன்னும் உறுத்துகிறது.

பழையஜிம்:
மிலன்மேல் என்ன கோபம்? சின்னப் பள்ளிகளை ஒன்றாக இணைய வைத்த 1959 பள்ளி மறுசீரமைப்புச் சட்டத்தைத்தான் அவர் திட்டியிருக்க வேண்டும். அவர் எண்ணியதில் முதல் மூன்றும் ஹோல்டனும் சேர்ந்து சவுத் ரிப்ளி என்று ஒரே பள்ளி. ஆஸ்குடும் நெப்போலியனும் ஜாக்-சென்-டெல். எதிரணிகளே ஒரே பள்ளியானால் லீக் எப்படி நடக்கும்? நான் பார்த்த பழைய பள்ளி ஜிம் (உள்விளையாட்டரங்கம்) ஒன்றில் சோள விதை மூட்டை அடுக்கியிருந்தார்கள், கூடை வளையம் மட்டும் அப்படியே. சரி, போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜனவரி வெள்ளிக்கிழமை இரவு ஏதாவது சின்னப் பள்ளி ஆட்டத்துக்குப் போங்கள். கையில் சில்லறைப் பணம் இருக்கட்டும். வெளியூர் அணிப் பக்கம் உட்காருங்கள், அங்கேதான் பெரியவர்கள் பேசுவார்கள். மிலன் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி, அது இப்போது எதோடு சேர்ந்தது என்று கேளுங்கள், இடைவேளை போதாது. நைட்ஸ்டவுன் ஊரில் பழைய ஜிம்மைப் பராமரித்து வைத்திருக்கிறார்கள், அதையும் விடாதீர்கள்.

ஃபோர்ட்வெய்ன்அக்கா:
சட்டம் மட்டும் காரணம் என்பதை ஏற்க மாட்டேன். 1938-இல் மாநிலப் போட்டிக்கு 787 பள்ளிகள், 1954-இல் 751. சட்டம் வருவதற்கு முன்பே கரைய ஆரம்பித்தாயிற்று. என் அலுவலகத் தோழியின் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அதெல்லாம் பொருட்டில்லை, கோபம் முழுக்க 1997 மேல்தான். எல்லாப் பள்ளிக்கும் ஒரே கோப்பை என்பது அந்த வருடத்தோடு முடிந்து, மறு பருவத்திலிருந்து பள்ளியின் அளவுப்படி நான்கு பிரிவு. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நான்கு சாம்பியனாம்!" என்றார். மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம், ஜனவரியில் அந்தக் கவுண்டிச் சாலைகளில் பனி விழுந்தால் என்ன கதி? மார்ச் மாதம் மாநிலப் போட்டியின் முதல் சுற்றான செக்‌ஷனல் ஆட்டம் பார்க்கப் போங்கள், போதும்.