ஜெர்மனி: சம்பளத்தில் வரி எக்கச்சக்கமாகப் பிடிக்கிறார்கள், வரி எண் கடிதம் வரவே இல்லை. என்ன செய்வது?

ஸ்டுட்கார்ட் புதுவரவு:

எல்லோருக்கும் வணக்கம். வேலை கிடைத்து ஸ்டுட்கார்ட் வந்திருக்கிறேன். கார் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, தனியாகத்தான் இருக்கிறேன்.

முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவருக்கும் எனக்கும் ஒரே சம்பளம், அவரும் தனி ஆள். ஆனால் கைக்கு வந்த தொகையில் பெரிய வித்தியாசம். சீட்டில் வரி வகுப்பு என்ற கட்டத்தில் அவருக்கு 1 என்றும் எனக்கு 6 என்றும் இருக்கிறது. அலுவலகத்தில் கேட்டால், "உங்கள் வரி எண் இன்னும் வந்து சேரவில்லை, அது தபாலில் வீட்டுக்கு வரும், வந்ததும் கொடுங்கள்" என்கிறார்கள்.

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அதை ஒழுங்காக முடித்துவிட்டேன், சான்றும் கையில் இருக்கிறது. தபால்பெட்டியில் என் பெயரும் இருக்கிறது, கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டரே வந்து மாட்டிவிட்டுப் போனார். இருந்தும் பெட்டியைத் திறந்தால் விளம்பரத் துண்டுகள் மட்டும்தான். மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் காணோம். இதில் எனக்குப் புரியாத ஒன்று: ஆன்லைனில் வாங்கிய குளிர் ஜாக்கெட் மட்டும் சரியாக வந்து, கீழ்வீட்டுப் பாட்டியிடம் இருந்தது. பார்சல் வருகிறது, கடிதம் வரவில்லை. எங்கே சிக்கல் என்று யாராவது சொல்லுங்கள், அடுத்த சம்பளத்துக்குள் இதைச் சரிசெய்ய வேண்டும்.

வடகடல்:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறது? பதிவுச் சான்றில் எந்தப் பெயர்? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே முகவரியில் கதவு எண்ணே கிடையாது. தெரு, கட்டட எண், 5 இலக்க அஞ்சல் குறியீடு, அவ்வளவுதான். ஒரே கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பம் இருந்தாலும் தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவார். பெயர் பொருந்தவில்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

ஸ்டுட்கார்ட் புதுவரவு:

அண்ணா, பெட்டியில் இருப்பது என் பெயர், முன்னால் ஒரு இனிஷியல். வாடகை ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதைப் பார்த்து வீட்டு நிர்வாகம் அச்சடித்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. பதிவுச் சான்றிலும் அப்பா பெயர்தான் பெரிதாக முதலில் வருகிறது. ஜாக்கெட் வாங்கியபோது என் பெயரைத்தான் கொடுத்தேன்.

ரைன்நதி:

அங்கேதான் இருக்கிறது விஷயம். அரசாங்கத்தின் கண்ணில் நீங்கள் உங்கள் அப்பா பெயர்க்காரர். வரி அலுவலகம், காப்பீடு, குடியேற்ற அலுவலகம் எல்லாம் அந்தப் பெயருக்குத்தான் கடிதம் போடும். தபால்காரர் ஒரு வரிசைப் பெட்டிகள் முன்னால் நின்று கடைசிப் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டே போவார். அவர் தேடும் பெயர் உங்கள் பெட்டியில் ஒரு எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கிறது. நின்று யோசிக்க அவருக்கு நேரம் கிடையாது. நம் ஆட்கள் பலருக்கு இதே கதைதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். அவர்கள் பெயர் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு மாதிரி ஏறியிருக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: பதிவுச் சான்றில் உள்ளபடி எழுத்து மாறாமல் அப்பா பெயரை ஒரு துண்டுத் தாளில் அச்சடித்துப் பெட்டியில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே உங்கள் பெயரும் இருக்கட்டும். இனிஷியல் வேண்டாம், இரண்டும் முழுதாக. பெட்டியின் வாய்க்குக் கீழே கண்ணாடி மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அதற்குள் சொருக முடிந்தால் சொருகுங்கள், இல்லையென்றால் மேலே டேப் போட்டாலும் போதும். முறையான பெயர்ப்பட்டை வேண்டும் என்று வீட்டு நிர்வாகத்துக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், தயங்க வேண்டாம். வாசலில் உள்ள அழைப்பு மணியையும் மறக்காதீர்கள். சில கட்டடங்களில் பெட்டிகள் உள்ளே இருக்கும், தபால்காரர் மணியில் பெயர் பார்த்து அழுத்தித்தான் உள்ளே வருவார்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் வரி மட்டும் இல்லை. கடிதம் திரும்பத் திரும்பப் போனால், இந்த ஆள் இங்கே வசிக்கவில்லை என்று நகராட்சி பதிவிலிருந்தே பெயரை எடுத்துவிட இடம் இருக்கிறது. அப்புறம் விசா வரைக்கும் இழுக்கும்.

பனிக்காலம்:

வரி எண்ணுக்கு பான் (Bonn) நகரில் உள்ள மத்திய வரி அலுவலகத்துக்கு ஃபோன் செய்து கேட்டால் சொல்ல மாட்டார்களா? 11 இலக்கம்தானே.

ரைன்நதி:

சொல்ல மாட்டார்கள். ஃபோனிலும் மின்னஞ்சலிலும் தரும் வழக்கமே இல்லை, அந்தரங்கப் பாதுகாப்பு விதி. அவர்கள் இணையதளத்தில் விண்ணப்பம் இருக்கிறது, போட்டால் மறுபடியும் தபாலில்தான் வரும், சில வாரம் ஆகும். அதனால் பெயரை ஒட்டிய பிறகு விண்ணப்பம் போடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் திரும்பிப் போகும்.

அதைவிடச் சுருக்கமான வழி, உங்கள் பகுதி வரி அலுவலகத்துக்கு நேரில் போவது. பாஸ்போர்ட், பதிவுச் சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு போனால் பல ஊர்களில் அங்கேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முன்பதிவு வேண்டுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கிடைத்த எண் வாழ்நாள் முழுக்க அதேதான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வடகடல்:

பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் தம்பி, அது போகாது. 6ஆம் வகுப்பில் அடிப்படை விலக்கு, அதாவது வரி இல்லாத வருமான வரம்பு, கிடையாது, அதனால்தான் முதல் யூரோவிலிருந்தே பிடிக்கிறார்கள். 2025இல் அந்த விலக்கு ஆண்டுக்கு 12,096 யூரோ. தனி ஆளான உங்களுக்கு 1ஆம் வகுப்பில் அது தானாகக் கிடைக்கும். எண்ணைக் கொடுத்ததும் பழைய மாதங்களையும் சேர்த்துத் திருத்தித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேளுங்கள். அப்படித் தராவிட்டாலும் வருட முடிவில் வரிக்கணக்கு தாக்கல் செய்தால் வந்துவிடும், அதற்கு 4 வருடம் வரை அவகாசம் உண்டு.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். எண் வராதது உங்கள் குற்றம் இல்லை என்றால், 3 மாதம் வரை உங்களுக்குரிய வகுப்பிலேயே பிடிக்க சட்டம் நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. பணிவாக, ஆனால் நேரடியாகக் கேளுங்கள். நாம் சுற்றி வளைத்துக் கேட்டால் இங்கே யாருக்கும் புரியாது, நேராகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை. எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த குணம் அதுதான்.

பனிக்காலம்:

பெயர் ஒட்டியதும் கடிதங்கள் மொத்தமாக வர ஆரம்பிக்கும், பயந்துவிடாதீர்கள். ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் நிச்சயம் வரும். வீட்டில் டிவி இல்லையே என்று தூக்கிப் போடக் கூடாது. ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். வீட்டைப் பகிர்ந்து இருக்கிறீர்கள் என்றால் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய கட்டண எண்ணை வாங்கிப் பதில் அனுப்பிவிடுங்கள்.

நீதிமன்றமோ அரசு அலுவலகமோ முறைப்படி அனுப்பும் மஞ்சள் உறை வந்தால் அன்றே பிரியுங்கள். தபால்காரர் உறையின் மேலேயே தேதி எழுதியிருப்பார், அந்த நாளிலிருந்து கெடு ஓடுகிறது. நீங்கள் ஊரில் இல்லை, பார்க்கவில்லை என்பதெல்லாம் கணக்கில்லை, பெட்டியில் போட்டால் உங்களிடம் கொடுத்த மாதிரிதான். உறையைத் தூக்கிப் போடாமல் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.

ஸ்டுட்கார்ட் புதுவரவு:

எல்லோருக்கும் மனசார நன்றி. நடந்ததை எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

இரண்டு பெயரையும் அச்சடித்துப் பெட்டியிலும் மணியிலும் ஒட்டினேன். கீழ்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு வந்து, அப்பா பெயரை உரக்கப் படித்து, "இந்தப் பெயருக்கு வந்த கடிதங்கள் கொஞ்ச நாள் பெட்டிகளுக்கு மேலே கிடந்தன, யாரென்று தெரியாமல் தபால்காரரே எடுத்துப் போய்விட்டார்" என்றார். இனிமேல் வந்தால் எடுத்து வைப்பதாகவும் சொன்னார். வரி அலுவலகத்தில் நேரில் எண் கிடைத்தது, பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் அடுத்த சம்பளத்திலேயே திருத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு நிர்வாகமும் புதுப் பட்டை போட ஒப்புக்கொண்டது.

காப்பீட்டு அட்டை மட்டும் பாக்கி. திரும்பிப் போனது மறுபடி தானாக வருமா, நான் கேட்க வேண்டுமா?

வடகடல்:

நீங்கள்தான் கேட்க வேண்டும். திரும்பி வந்தால் பல நேரம் அவர்கள் அப்படியே நிறுத்தி வைத்துவிடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து முகவரியும் பெயரும் சரி என்று உறுதிசெய்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். புகைப்படம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் அட்டையே அச்சாகாது. அதற்குள் டாக்டரிடம் போக வேண்டி வந்தால், நீங்கள் அவர்கள் உறுப்பினர் என்று ஒரு மாற்றுச் சான்று கேளுங்கள், தருவார்கள். அதைக் காட்டினால் போதும்.