சார்ஜ் பண்ற காது மெஷின் பாவிக்கிறவங்கட அனுபவம் சொல்லுங்க

உப்புவெளி மகள்:
அப்பாட மெஷின் சார்ஜ் பண்றது, காதுக்குப் பின்னால வைக்கிற வகை. அண்மையில கொழும்பில ஒரு கிளினிக்குக்கு இரவு ரெயின்ல கூட்டிக்கொண்டு போனன். விடியும்வரை நித்திரையில்லாம போன்ல பழைய பாட்டு, செய்தி எல்லாம் புளூடூத்தால மெஷினுக்குள்ளயே கேட்டுக்கொண்டு வந்தார். எங்கட நம்பர் வரேக்க பின்னேரம். டொக்டர் கேக்கிறா, "ரத்தம் உறையாம இருக்கக் குளிசை எடுக்கிறீங்களா ஐயா?" அப்பா இல்லையெண்டு தலையாட்டுறார். எடுக்கிறவர்! "ஏதும் மருந்து ஒத்துவராதா?" அதுக்கும் அதே தலையாட்டு. முகத்தில ஒரு சிரிப்பு, ஒண்டும் கேக்காட்டி அவர் வைக்கிற சிரிப்பு. அப்பத்தான் எனக்குப் பிடிபட்டது, ரெண்டு மெஷினும் நிண்டிட்டுது. டொக்டர் எழுதத் தொடங்கிட்டா. குறுக்க விழுந்து நிப்பாட்டினன்.

நான் பக்கத்தில இல்லாட்டி என்ன நடந்திருக்கும்? படுத்தா இதுதான் வருது. வாங்கேக்க "24 மணித்தியாலம் நிக்கும்" எண்டாங்க. புளூடூத்தில கேட்டா அந்தக் கணக்கு இறங்கும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

கிண்ணியா வாசி:
இதுக்காகத்தான் தங்கச்சி, வாப்பாக்கு நான் பற்றரி மாத்துற மெஷினே எடுத்தன். ஒரேஞ்ச் ஸ்டிக்கர், 13 நம்பர். ஒண்டு போட்டா ஒரு கிழமைக்கு மேல போகும். பள்ளிவாசல்ல பயானுக்கு (மார்க்கப் பிரசங்கத்துக்கு) இருக்கேக்க மெஷின் பீப் அடிச்சிருக்கு. சட்டைப் பொக்கற்றில இருந்து புதுசை எடுத்தார், ஸ்டிக்கரை உரிச்சார், உள்ளங்கையில வச்சுக் காத்துப்பட கொஞ்சம் விட்டார் (காத்துப் பட்டாத்தான் அந்தப் பற்றரி வேலை செய்யும்), போட்டார். பக்கத்தில இருந்தவருக்கே தெரியாது. 2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தமே, அப்ப எங்கட பக்கத்து வீட்டு அப்பாட சார்ஜ் மெஷின் பெட்டிக்குள்ளயே கிடந்தது. வயசானவங்களுக்கு சார்ஜ் வகைதான் நல்லம் எண்டு கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே பாட்டுப் பாடுறதை நான் ஏற்க மாட்டன்.

மூதூர்த் தம்பி:
அம்மம்மாக்கு ஒன்லைன்ல சார்ஜ் மெஷின் ஒண்டு வந்துது, மலிவு. செத்தவீட்டில தேவாரம் பாடேக்க "கீ"யெண்டு கூவத் தொடங்கிச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, அவவுக்கு மட்டும் ஏனெண்டு தெரியேல்ல. பிறகுதான் ஒருத்தர் சொன்னார், அது சும்மா சத்தத்தைக் கூட்டுற சாமான், காது மெஷின் இல்லையெண்டு. அவ இப்ப எதையும் காதில வைக்க விடமாட்டா. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஓர்ஸ்ஹில் ரீச்சர்:
கிண்ணியாத் தம்பி, உங்கட வாப்பாட விரல் நல்லா இருக்கு. எனக்கு விரல் மூட்டு வீக்கம். மண்ணிற ஸ்டிக்கர் 312 பற்றரி பருப்பளவுதான், கையால நழுவி ஓடிட்டுது. தேடி நிமிர்ந்தா பேத்தி தவழ்ந்து போய் அதை வாய்க்குக் கிட்ட கொண்டு போறாள். அண்டைக்கே சார்ஜ் வகைக்கு மாறினன். பட்டன் பற்றரியைப் பிள்ளை விழுங்கினா காத்திருக்கவே கூடாது, நேரா ஆஸ்பத்திரி.

பிள்ளையள், வாங்க முதல் இதெல்லாம் கேளுங்கோ. முதல்ல ஒடியோகிராம், அதுதான் காது கேக்கிற அளவைப் பாக்கிற சோதனை. எந்தச் சுருதியில எவ்வளவு கேக்குதில்லை எண்டு பாத்து அதுக்கேத்த மாதிரிச் செற் பண்ணினாத்தான் அது காது மெஷின். மூதூர்த் தம்பிட அம்மம்மாவை ஒருக்கா அப்பிடிக் காட்டுங்கோ, மனம் மாறக்கூடும். மிகவும் குறைவாக் கேக்கிறவங்களுக்குப் பெலமான மெஷின் வேணும், அதிலயும் இப்ப சார்ஜ் வகை இருக்கு. அடுத்தது, சார்ஜர் பெட்டிக்குள்ளயே பற்றரி இருக்கோ, இல்லை வயர் குத்தினாத்தான் வேலை செய்யுமோ? உள்ள பற்றரி இருந்தா கரண்ட் போனாலும், ரெயின்ல இருந்தாலும் பெட்டிக்குள்ள வச்சு ஏத்தலாம். அதைத்தான் உப்புவெளிப் பிள்ளை தேட வேணும். முழுசா ஏற மூண்டு நாலு மணித்தியாலம், பல மெஷின்ல அரை மணித்தியாலம் வச்சாலே சில மணித்தியாலம் ஓடும். மெஷினுக்குள்ள இருக்கிறது லிதியம் அயன் பற்றரி. நாலஞ்சு வருஷத்தில தளரும், பெரும்பாலும் நாங்கள் கழட்ட ஏலாது. அப்ப யார் மாத்துவினம், எவ்வளவு எடுப்பினம், அதுவரை கையில வேற மெஷின் தருவினமோ எண்டு எழுத்தில வாங்குங்கோ. எங்கட கடல்காத்துக்கும் வியர்வைக்கும் இரவில துடைச்சு, சார்ஜ் முனையைக் காய்ஞ்ச துணியால துடைச்சு வைக்க வேணும். வெயில்ல நிக்கிற வாகனத்துக்குள்ள விட்டிட்டுப் போகாதேங்கோ.

கிண்ணியா வாசி:
ரீச்சர் சொல்ற விரல் கதை சரி. ஆனா நாலஞ்சு வருஷத்துக்குப் பிறகு மெஷினைக் கொழும்புக்கு அனுப்பிட்டு வாப்பா ஊமையாட்டம் இருக்கிறதா? பற்றரி வகையில அந்தத் தொல்லை இல்லை.

உப்புவெளி மகள்:
அண்ணா, அப்பாக்கு நீரிழிவால விரல் நுனி மரத்துப் போச்சு, ஸ்டிக்கர் உரிக்கவே மாட்டார். அதாலதான் இது. ரீச்சர் சொன்னமாதிரி இண்டைக்குக் கேட்டன், அப்பாட மொடலுக்கு உள்ள பற்றரி வச்ச பெட்டி தனியா இருக்காம், ஓடர் குடுத்திட்டன். அடுத்த கிளினிக்குக்கு அவர் குடிக்கிற மருந்தெல்லாம் எழுதின தாளையும் சட்டைப் பையில வச்சுத்தான் விடுவன்.