சுங்கை சிப்புட்டிலிருந்து கடலுக்கு: எந்த மாதம், எந்தக் கரை?

பால்மரம்:
வணக்கம். தோட்டத்துப் பிள்ளைகள் 24 பேரைக் கடலில் நீந்த அழைத்துப் போகத் திட்டம். வயது 9 முதல் 14. எல்லாரும் நீச்சல் குளத்தில் 25 மீட்டர் நீந்துவார்கள், கடல் பழக்கம் இல்லை. ஒன்று, மேற்குக்கரையில் லூமூட் பக்கம் தெலுக் பாத்திக் போய் அன்றே திரும்பலாம். இல்லையென்றால் கிரிக் வழியாகக் கிழக்குக்கரையில் கோல பெசுட், அங்கிருந்து படகில் பெர்ஹெந்தியான் தீவு. கைப்பேசியில் பார்த்தால் தெலுக் பாத்திக்கில் கடல்நீர் வருஷம் முழுக்க 29, 30 டிகிரி. பெர்ஹெந்தியான் மே மாதம் 30, ஜனவரியில் 27. இந்த 3 டிகிரி பிள்ளைகளுக்குத் தெரியுமா? ஆண்டிறுதி விடுமுறையில்தான் எல்லாரையும் ஒன்றுசேர்க்க முடியும்.

ஏற்றவற்றம்:
தெரியும். ஆனால் நம் மலேசியாவில் டிகிரியை வைத்து மாதத்தை முடிவு செய்யக் கூடாது. கிழக்குக்கரையில் தண்ணீர் 27க்கு இறங்குகிறது என்றால் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கிறது என்று பொருள். நவம்பர் முதல் மார்ச் வரை அந்தக் காற்று தென்சீனக் கடலைத் தாண்டி வந்து நேராகத் திரங்கானு, பகாங் கரையில் மோதும். வெயில் மங்கும், கடல் கலங்கும், வடக்கிலிருந்து குளிர்ந்த நீர் இறங்கும். அலையைத் தூக்குவதும் அதே காற்றுதான். அதனால்தான் ஆண்டிறுதியில் பெர்ஹெந்தியானில் பெரும்பாலான தங்குமிடங்கள் பூட்டிக் கிடக்கும். கிழக்குக்கரை வேண்டுமானால் ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள்.

டிசம்பர்தான் முடியும் என்றால் தெலுக் பாத்திக். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமாத்ரா, மறுபக்கம் தீபகற்பம். பெரிய அலை உள்ளே வர இடமில்லை, சூடும் அதிகம் ஏறி இறங்காது. அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது ஏற்ற வற்ற அட்டவணை. மேற்குக்கரையில் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். வற்றும்போது நீர் வேகமாக வெளியே இழுக்கும், அடியில் சேறும் தெரியும். நாள்காட்டியில் அஷ்டமியை ஒட்டிய நாளாகப் பாருங்கள், இழுப்பு குறைவு. ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இறங்கி, உச்சத்தில் ஏறிவிடுங்கள். பிற்பகலில் இடி வரும் காலம் அது. இடி கேட்டதும் கரையேறி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கரையோரம்:
கைப்பேசி காட்டும் எண்ணைப் பற்றி ஒன்று. அது பெரும்பாலும் செயற்கைக்கோள் அளந்த, கரையிலிருந்து தள்ளியுள்ள கடல் மேற்பரப்பின் சூடு. முழங்கால் அளவுத் தண்ணீர் நண்பகல் வெயிலில் அதைவிட நன்றாகவே சூடாகும். ஒரு சாதாரண தண்ணீர் வெப்பமானி போதும். இடுப்பளவு ஆழத்தில், கை நிழலில் 2 நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

சூடான தண்ணீர் பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு. உலக நீச்சல் சம்மேளனம் திறந்தவெளிப் போட்டிக்கு 16 டிகிரிக்குக் கீழும் 31க்கு மேலும் அனுமதிப்பதில்லை. 31க்கு மேல் நீந்தினால் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறும், வேர்ப்பது தண்ணீருக்குள் தெரியாது. தலைவலி, குமட்டல் வந்த பிறகுதான் பிள்ளை சொல்லும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை கரைக்கு வரவழைத்துத் தண்ணீர் கொடுங்கள். குளிர்ச்சிக்கும் இதே கணக்குதான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். 27 டிகிரியில், காற்றும் வீசினால், ஒல்லியான பிள்ளைக்கு அரை மணியில் உதடு நீலம் பூக்கும். பெரியவருக்குச் சுகமாக இருப்பதை வைத்து அளக்காதீர்கள்.

மண்வாசம்:
இடையில் ஒரு கேள்வி. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஜனவரியில்தான் கொளுத்துகிறது, ஆனால் கடல் மார்ச்சில்தான் சூடு என்கிறார்களே, சரியா?

ஏற்றவற்றம்:
சரிதான். கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம் பின்தங்கும். பெர்த்தில் மார்ச் மாதம் 22, 23 டிகிரி, செப்டம்பரில் 19 அளவு. நம் பிள்ளைகளுக்கு 23கூட முதலில் மூச்சு வாங்கும். 15க்குக் கீழ் திடீரென்று குதித்தால் மூச்சு தானாக இழுத்து, தண்ணீர் உள்ளே போகும். நீந்தத் தெரிந்தவரும் முதல் சில நிமிடங்களில் மூழ்குவது இதனால்தான்.

பால்மரம்:
அப்படியானால் டிசம்பரில் தெலுக் பாத்திக். ஜெல்லிமீன் கொட்டினால் என்ன செய்வது? வினிகர் எடுத்துப் போகச் சொல்கிறார்கள்.

முதலுதவிப்பெட்டி:
எடுத்துப் போங்கள், 2 லிட்டராவது. ஆனால் இதைக் கவனமாகப் படியுங்கள். மலாயில் சூக்கா என்றால் வினிகர், சூக்கா கெத்தா என்றால் ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம். தோட்டத்துக் கிடங்கில் இரண்டும் ஒரே மாதிரி போத்தலில் இருக்கலாம். அமிலம் தோலைப் பொசுக்கும். கடையில் புதிதாக வாங்கிய சமையல் வினிகர் மட்டும், மூடி பிரிக்காமல், பெயர் ஒட்டியபடி.

கொட்டினால் பிள்ளையைத் தூக்கிக் கரையில் கிடத்துங்கள், ஓட விடாதீர்கள். கொட்டிய இடம் முழுக்க 30 வினாடி வினிகரை ஊற்றுங்கள். ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, மணலால் தேய்க்கவும் கூடாது: இரண்டும் இழையில் மிச்சமிருக்கும் விஷப்பைகளை வெடிக்க வைக்கும். பிறகு வலிக்குத் துணியில் சுற்றிய ஐஸ். மூச்சு திணறினாலோ, மயங்கினாலோ உடனே 999. பெட்டி ஜெல்லிமீன் நம் கடலில் உண்டு, சில நிமிடங்களில் இதயத்தைப் பாதிக்கும், ஆகவே நெஞ்சழுத்தம் (சிபிஆர்) கொடுக்கத் தெரிந்த இருவராவது குழுவில் இருக்கட்டும். முழுக்கை நீச்சல் சட்டையும் நீண்ட கால்சட்டையும் ஆபத்தைக் குறைக்கும்.

24 பிள்ளைகளை ஒரே நேரத்தில் இறக்காதீர்கள். எட்டெட்டாக, 4 பேருக்கு ஒரு பெரியவர் தண்ணீருக்குள், ஒருவர் கரையில் விசிலோடு எண்ணிக் கொண்டு. அந்தக் கரைக்காரர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது.