வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்?

கோப்பாய் ஆசிரியை:

2024 நவம்பர் பொதுத்தேர்தல் நெருங்கிய நாட்களில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு வேட்பாளர் ஆதரவாளர்களுடன் வந்தார். படலையைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா நிற்கிறாரா?" நான் நிற்கிறேன், சொல்லுங்கள் என்றேன். துண்டுப்பிரசுரத்தைத் தந்து, தன் இலக்கத்தை விரலால் தொட்டுக் காட்டி, "ஐயாவிடமும் சொல்லிவிடுங்கள் அம்மா" என்று திரும்பினார். அவரை மறித்துத்தான் என் கேள்வியைக் கேட்டேன்.

இந்த வீடும் வளவும் என் தாய் எனக்குச் சீதனமாக எழுதித் தந்தவை. காணி உறுதி என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன் சொந்தக் காணியை விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அசையும் சொத்தான நகையை அவள் தன் விருப்பப்படி விற்கலாம். மரணசாசனம் எழுதி அதே காணியை யாருக்கும் கொடுக்கலாம். தான் இறந்த பிறகு காணி யாருக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்க அவளுக்கு அறிவு போதும் என்று நம்பும் சட்டம், உயிரோடு இருக்கும்போது மட்டும் அவளை நம்புவதில்லை. என் கணவர் கேட்டால் கையெழுத்து வைப்பார். அப்படிப்பட்டவர் வாய்க்காத பெண் எங்கே போவாள்?

இதைத் திருத்தக்கூடிய இடம் பாராளுமன்றம். அதனால்தான் அவரிடம் கேட்டேன். "தேசவழமை எங்கள் இனத்தின் அடையாளம் அம்மா. அதில் கை வைக்க விட்டால் நாளைக்கு எல்லாவற்றிலும் கை வைப்பார்கள்" என்றார். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. காணி பறிபோன சனம் நாங்கள். ஆனால் அந்த அடையாளத்தைக் காக்கும் சுமை ஏன் பெண்ணின் உறுதியின் மேல் மட்டும் விழ வேண்டும் என்று கேட்டேன். ஆதரவாளர் ஒருவர், "நேரம் போகிறது அண்ணை" என்றார். போய்விட்டார்கள்.

அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் அனுப்பிய ஆறு பேரும் ஆண்கள். ஹரிணி அமரசூரிய மீண்டும் பிரதமரானார். மாத்தறையில் வென்ற சரோஜா சாவித்திரி போல்ராஜ் மகளிர் விவகார அமைச்சரானார். மலையகத்திலிருந்தும் தமிழ்ப் பெண்கள் சபைக்குப் போனார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. உங்கள் வாசலுக்கு வந்தவர்களிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.

வடமராட்சி மகள்:

ஆசிரியை எழுதிய அதே சட்டம் எங்கள் குடும்பத்தில் வேறு விதமாக நிற்கிறது. என் அக்காவின் கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டார். அக்காவுக்கு ஒரு துண்டுக் காணி உண்டு. மகனின் படிப்புக்காக அதை விற்கப் போனபோது உறுதி எழுதும் நொத்தாரிசு, "கணவரின் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் மரணச் சான்றிதழ் கொண்டு வாருங்கள்" என்றார். அக்கா மரணச் சான்றிதழ் எடுக்க மாட்டாள். அதை எடுத்தால் தன் கையாலேயே அவரைக் கொன்றதாகிவிடும் என்று நினைக்கிறாள். 2016க்குப் பிறகு, ஆளைக் காணவில்லை என்று சான்றிதழ் எடுக்கவும் வழி வந்தது. அதற்கும் அவள் மனம் இன்னும் இடம் கொடுக்கவில்லை.

பருத்தித்துறையில் நடந்த தேர்தல் கூட்டம் ஒன்றுக்கு அவரின் படத்தையும் எடுத்துக்கொண்டு அக்கா போனாள். மேடையில் பேசிய எல்லோரும் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசினார்கள். சர்வதேச விசாரணை, ஜெனீவா எல்லாம் வந்தது. அது தேவைதான், நாங்களும் அதற்காகவே வீதியில் இருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் அக்கா ஒருவரிடம் போய்க் காணி விஷயத்தைச் சொன்னாள். "அது குடும்பப் பிரச்சினை தங்கச்சி, ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்" என்றார். படத்தோடு அக்காவைப் படம் எடுக்க மட்டும் ஒரு தம்பி பின்னால் வந்தான். அவள் சேலைத் தலைப்பால் படத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று பஸ்ஸில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

தென்மராட்சித் தம்பி:

நான் ஒரு பெண் வேட்பாளருக்காக வேலை செய்தவன். கட்சியைச் சொல்ல விரும்பவில்லை, எல்லாக் கட்சியிலும் இதுதான் கதை. யாழ்ப்பாணத்தில் 2024இல் ஒரு கட்சி ஒன்பது பேரை நிறுத்த வேண்டியிருந்தது. ஆறு ஆசனம், அதற்கு மேல் மூன்று பேர். அந்தப் பட்டியலில் பெண்ணின் பெயர் கடைசி நாட்களில்தான் சேர்ந்தது. பதாகை அடிக்கக் காசு, வாகனம், ஊருக்கு ஊர் ஆட்கள் எல்லாவற்றையும் மற்றவர்கள் அதற்கு முதலே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

கட்சிக்கு வாக்குப் போட்ட பிறகு, அதன் வேட்பாளர்களில் தான் விரும்பியவர்களுக்குப் போட ஒரு வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்கு உண்டு. எங்கள் கட்சிக்காரர்களே வீடு வீடாகப் போய், "முதல் இரண்டையும் இந்த இலக்கங்களுக்குப் போடுங்கள், மிச்சம் இருந்தால் அக்காவுக்குப் போடுங்கள்" என்றார்கள். என் காதால் கேட்டேன். தேர்தல் முடிந்ததும் அதே ஆட்கள், "சனம் பெண்களுக்குப் போடாது" என்றார்கள். 2013 வட மாகாண சபைத் தேர்தலில் அனந்தி சசிதரனுக்கு 87,870 விருப்பு வாக்குகளைப் போட்டதும் இதே சனம்தான். முதலமைச்சரான விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம் அவருக்கு. பத்மினி சிதம்பரநாதனையும் விஜயகலா மகேஸ்வரனையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதும் இந்த மாவட்டம்தான். அவர்களின் அரசியலை ஏற்பதும் ஏற்காததும் வேறு கதை. சனத்தின் மேல் பழியைப் போட வேண்டாம்.

பிரதேச சபை உறுப்பினர்:

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டில் கட்சிப் பட்டியலால் வந்தவள் நான். வட்டாரத்தில் வென்றவர்கள், "நீங்கள் போட்டியிட்டு வந்தவர் இல்லையே" என்று சபையிலேயே சொல்லிக் காட்டுகிறார்கள். பட்டியலில் வந்த ஆண்களிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனாலும் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று பிரேரணை கொண்டு வந்தது நாங்கள்தான். பாராளுமன்றத்துக்கு இப்படி ஓர் ஒதுக்கீடு இல்லை. 225 பேரில் பெண்கள் பத்து வீதத்தையும் எட்டாததற்கு அதுவே முதற்காரணம் என்பது என் முடிவு.

நல்லூர் அம்மா:

பிள்ளைகள் எல்லோரும் எழுதியதைப் படித்தேன். 1998 ஜனவரித் தேர்தலில் வென்று சரோஜினி யோகேஸ்வரன் யாழ்ப்பாண மேயரானார். கணவரைச் சுட்டுக் கொன்று பத்து வருடம்கூட ஆகாத காலம் அது. மே 17 அன்று அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம், "ஏன் பெண்கள் முன்வருவதில்லை" என்று யாராவது மேடையில் கேட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன். 2025 ஜூனில் மதிவதனி யாழ்ப்பாண மேயரான செய்தியைக் கேட்டபோது முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். பிறகுதான் சந்தோஷம் வந்தது. என் வயதுப் பெண்களுக்கு இது விளங்கும்.

கோப்பாய் ஆசிரியை:

வடமராட்சி மகளுக்கு: கணவர் இல்லாத நிலையில் அவரின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க அதே 1911 சட்டத்திலேயே இடம் உண்டு. மரணச் சான்றிதழ் இல்லாமலே முயன்று பார்க்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு உறுதியின் பிரதியோடு போங்கள். அக்கா விரும்பினால் நானும் கூட வருகிறேன். உள்பெட்டியில் எழுதுங்கள்.