கலைச்சொல்: ‘கோதிக் ஃபோக்’குக்குத் தமிழில் என்ன போடலாம்?

நாகர்கோவிலிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கப் பாடகி செல்சி வுல்ஃபின் ‘பர்த் ஆஃப் வயலன்ஸ்’ (2019) இசைத்தொகுப்பு பற்றி விமர்சகர்களும் கேட்டவர்களும் சொன்னதைத் தொகுத்து ஒரு கட்டுரை தயாராகிறது. முதல் வரியிலேயே முட்டுகிறது: இருளும் அச்சமும் கவிந்த கிட்டார்ப் பாட்டு வகையான ‘கோதிக் ஃபோக்’ என்பதை எப்படி எழுத? கையில் உள்ளவை ‘இருள் நாட்டார் இசை’, ‘பேய்ப்பாட்டு’, ‘கோதிக் நாட்டார்’. மூன்றும் ஒட்டவில்லை.

சொல் எதைத் தாங்க வேண்டும் என்று தெரிய ஒரு சுருக்கம். முந்தைய தொகுப்பு ‘ஹிஸ் ஸ்பன்’ (2017) மெட்டல் எனும் முரட்டு ராக் சாயலில், கனத்த மின்கிட்டாரோடு வந்தது. அடுத்ததான ‘பர்த் ஆஃப் வயலன்ஸி’ல் அவர் மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் கிட்டாருக்குத் திரும்பினார். பதிவும் வடகலிஃபோர்னியாவில் வீட்டிலேயே. 12 தடங்களில் கடைசியில் பாட்டே கிடையாது, புயல்மழைச் சத்தம்தான். விமர்சகர்கள் பெரும்பாலும் இந்தத் திரும்பலை வரவேற்றார்கள். கேட்டவர்களில் ஒரு சாரார் குரல் முன்னுக்கு வந்ததைக் கொண்டாட, இன்னொரு சாரார் பாட்டுகள் ஒரே மந்தகதியில் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன என்று அலுத்துக்கொண்டார்கள். ‘இருட்டு’, ‘அழகு’ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் இரு பக்கமும் உண்டு.

தக்கலையிலிருந்து:

அண்ணாச்சி, ‘நாட்டார்’ வேண்டாம். நம் மாவட்டத்தில் நாட்டார் இசை என்றதும் வில்லும் குடமும் உடுக்கையும்தான் மனதில் வரும்: வாய்மொழியாக வந்தது, ஊருக்குப் பொதுவானது. அமெரிக்காவிலோ 1960களுக்குப் பிறகு, தானே எழுதித் தானே கிட்டார் வாசிக்கும் தனியாள் பாட்டையும் ஃபோக் என்றே விற்கிறார்கள். வுல்ஃப் அந்த வரிசை.

‘பேய்ப்பாட்டு’ அதைவிட மோசம். இசக்கியம்மன் கதையிலும் கொலை உண்டு, பழி உண்டு. ஆனால் கோயில் கொடைவிழாவில் அதைப் பாடுவது அவளைக் குளிர்விக்கத்தான். குடத்தில் அடி ஏறும், உடுக்கை முறுகும், சாமியாட்டம் வரும், பிறகு அடங்கும். வுல்ஃப் பாட்டில் அடங்கும் இடம் இல்லை. பயம் அப்படியே தொங்கி நிற்கும். சிலர் அலுத்துக்கொண்ட அந்த ‘ஒரே கதி’க்கும் பாதிக் காரணம் இதுதான். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் இரண்டு பக்கமும் பிழை.

தோவாளையிலிருந்து:

‘அணங்கிசை’ என்று போடலாமா? அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், தெய்வப்பெண். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அதே அணங்குதான் குறள் 1081இல் பார்த்தவன் நெஞ்சை மயக்குகிற அழகு. வருத்தும் அழகு, அழகாயிருக்கும் அச்சம் இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கிறது. மேலே அண்ணாச்சி சொன்ன ‘ஒரே மூச்சு’ இதுதானே.

குளச்சலிலிருந்து:

அக்கா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஒரு மாணவன் அணங்கைச் சந்திப்பது தமிழ்த்தாய் வாழ்த்தின் ‘தமிழணங்கே’யில். அங்கே அச்சம் ஏது? ‘அணங்கிசை’ என்றால் பக்திப்பாடல் என்று நினைப்பான். இரண்டாவது சிக்கல், கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோயிலை கோதிக் பாணி என்கிறோம். அங்கே கோதிக், இங்கே அணங்கு என்றால் ஒரு சொல் இரண்டாகிறதே? ‘இருண்மையிசை’யையும் பாருங்கள்.

தோவாளையிலிருந்து:

‘இருண்மை’யைப் புதுக்கவிதை விமர்சனம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது, அங்கே அதற்குப் பொருள் புரியாமை. வுல்ஃபின் வரிகள் புரியாமல் இல்லை.

கட்டடத்துக்கு ‘கோதிக்’ அப்படியே இருக்கட்டும். கோத் இனத்தின் பெயரைக் கட்டடத்துக்கு வசையாகச் சூட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் அது திகில் நாவலுக்குப் போனது. 1970களின் கடைசியில் பிரிட்டிஷ் ராக்குக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் பொருள் மாறியிருக்கிறது. நாம் மட்டும் ஒரே சொல்லைக் கட்டி இழுப்பானேன்?

பக்திப்பாடல் குழப்பம் உண்மை. முதல் முறை வரும்போது ‘அணங்கிசை எனும் கோதிக் ஃபோக்’ என்று எழுதிவிட்டால் தீரும். புணர்ச்சியும் சுத்தம்: அணங்கு + இசை, குற்றியலுகரம் கெட்டு அணங்கிசை. ‘அணங்கு பாடல்’ என்று போனால் ப் மிகுமா மிகாதா என்று அடுத்த பத்து மடல் ஓடும். அணங்கிசைப் பாடகி, அணங்கிசைத் தொகுப்பு, அணங்கிசை ரசிகர் எல்லாம் இடறாமல் வருகின்றன. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “மெட்டலில் இருந்து அணங்கிசைக்குத் திரும்பிய வுல்ஃபை விமர்சகர்கள் வரவேற்றனர்.” ‘இருள் நாட்டார் இசைக்குத் திரும்பிய’ என்று அதே இடத்தில் போட்டால் நாக்கு தடுக்குகிறது.

நாகர்கோவிலிலிருந்து:

அணங்கிசையே இருக்கட்டும். ‘டார்க் ஃபோக்’ தனி வகை, அதை இதில் சேர்க்க வேண்டாம்.

கூடவே இரண்டு. விமர்சனங்களில் குரலைப் பற்றி வரும் ‘ரிவெர்ப்’பை வரைவில் எதிரொலி என்று எழுதியிருந்தது, மாற்றியாயிற்று. எதிரொலி என்றால் அசலும் திரும்பியதும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பேச்சுக்குச் சுமார் 50 மில்லிநொடி இடைவெளியாவது வேண்டும். ரிவெர்பில் எண்ணற்ற திரும்பல்கள் கலந்து தேயும். ஆகவே எதிர்முழக்கம். பாட்டின் அடியில் நீளும் ஒரே சுரமான ‘ட்ரோன்’ என்பதற்கு நாகஸ்வரக் கச்சேரியின் ‘ஒத்து’ போதும் என்று படுகிறது.

தக்கலையிலிருந்து:

ஒத்து எல்லா இடத்திலும் பொருந்தாது அண்ணாச்சி. ஒத்து ஊதுகிறவர் மூச்சு அறாமல் ஆதாரசுருதியைப் பிடிப்பார். கிட்டாரில் விரல் வைக்காத அடித்தந்தியைத் தட்டினால் ஒலி உடனே தேயத் தொடங்கும். திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். சிந்தசைசர் எனும் மின்னணு இசைக்கருவியின் ஒலி அறாமல் நிற்கும் இடத்தில் ஒத்து என்று எழுதுங்கள். கிட்டார் வரும் இடத்தில் ‘விடுதந்திச் சுருதி’ என்று போட்டால் வாசிப்பவருக்கும் சரியாகப் புரியும்.